குடை பிடித்து நடந்தவர்கள்

(காரைக்குடியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1930 டிசம்பர். அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆண்களின் உடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் ஆகாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. சேர்த்து வைத்த தானியம் அழிக்கப்பட்டது. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன.

இதை எழுதி வைத்தவர் நாவலாசிரியர் அல்லர். 1931ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜே. எச். ஹட்டன் என்ற அதிகாரி, இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் தடைகளை வரிசையாகத் தந்திருக்கிறார். விதித்தவர்களைக் கள்ளர் என்று அவர் குறிக்கிறார். இந்த வட்டாரத்து வழக்கில் நாட்டார். இன்றைய சிவகங்கை மாவட்டம் அப்போது ராமநாதபுரத்துக்குள் இருந்தது; 1985இல்தான் தனியாகப் பிரிந்தது. ஆக, இது எங்கோ நடந்த கதை இல்லை. செட்டிநாட்டு அரண்மனை வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலம், அதே மாவட்டம்.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், எட்டு பதினொன்றாயிற்று. இரண்டாம் பட்டியல் தேவேந்திரகுல வேளாளரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. தண்ணீர் எடுக்க மண்குடம் மட்டுமே. செம்பும் பித்தளையும் கூடாது. குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடுகூட வைக்கோலாக இருக்க வேண்டும், துணியாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமையாக வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை அடிமாட்டு விலைக்கு மிராசுதாரிடம் விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி விளைவித்தாலும், கதிர் முற்றி அறுப்புக்கு வரும்போது அது கொள்ளையடிக்கப்படும். வேலை காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொள்ளலாம். எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் கூடாது.

கதவைப் பல்லக்காக்கச் சொல்லும் அந்த ஒரு வரியை எந்தக் கற்பனைக்காரரும் இட்டுக்கட்டிவிட முடியாது. அடுத்தவரின் கல்யாண நாளை எப்படிச் சிறுமைப்படுத்துவது என்று பல பேர் உட்கார்ந்து, யோசித்து, பேசி முடிவுசெய்த வரி அது.

டிஸ்டோபியா என்று நாம் பெயர் வைத்திருக்கும் புனைகதை வகைக்கு இத்தகைய விதிப்பட்டியல்தான் முதுகெலும்பு. என்ன உடுத்தலாம், யார் படிக்கலாம், யாரிடம் சொத்து இருக்கலாம், எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம் என்பதைப் பிறர் முடிவுசெய்யும் உலகைக் கட்டி, அதற்குள் ஒரு மனிதரை விட்டு, அவர் எப்படி மூச்சுவிடுகிறார் என்று பார்ப்பது இக்கதைகளின் வேலை. இவற்றை எதிர்காலம் பற்றிய எச்சரிக்கை என்று பாடப்புத்தகங்கள் அறிமுகம் செய்கின்றன. அந்த அறிமுகம் நம் மாணவர்களைத் தவறான திசையில் அனுப்புகிறது. இந்தப் புத்தகங்களில் உள்ளவற்றில் பெரும்பகுதி, அவை எழுதப்படுவதற்கு முன்பே எங்கோ யார் மீதோ நடந்தேறிவிட்டது.

மார்கரெட் அட்வுட் இதை ஒளிக்கவே இல்லை. 1985இல் வெளிவந்த அவருடைய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலுக்கு அவர் தமக்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: வரலாற்றில் எங்காவது நடக்காத எதையும் கதைக்குள் சேர்ப்பதில்லை. ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்து பெண்ணுடலை அரசின் சொத்தாக்கிய ஆணை, அமெரிக்க அடிமைமுறை, அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி திருடிய குழந்தைகள், இன்னார் இன்ன துணி உடுத்தலாம் என்று வரையறுத்த பழைய ஐரோப்பியச் சட்டங்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. அந்த நாவலின் கிலியட் நாட்டில் பெண்கள் படிக்கக் கூடாது. கடைப் பலகையில்கூட எழுத்துக்குப் பதில் படம். பெண்களின் வங்கிக் கணக்குகள் ஒரே நாளில் முடக்கப்படும். உடையின் நிறமே ஒருத்தியின் தகுதியைச் சொல்லிவிடும். ராமநாதபுரத்துப் பட்டியலை அட்வுட் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒடுக்குபவர்கள் உலகெங்கும் கைவைக்கிற இடங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன: எழுத்து, துணி, நிலம், பெண்ணுடல். தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் போராடி, 1859இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. மேலே மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல அல்ல என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ராமநாதபுரத்தில் ரவிக்கைக்குத் தடை.

இனி, அந்த நாவல்களுக்கும் ராமநாதபுரத்துக்கும் உள்ள வேறுபாடு. இந்தச் சொற்பொழிவின் அக்கறை அங்கேதான் அதிகம்.

ஜார்ஜ் ஆர்வெல் இந்த ஊருக்கு நாம் நினைப்பதைவிட நெருக்கமானவர். 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியக் காவல்துறை அதிகாரி. அந்த ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களுக்குப் பணம் கொடுத்தவை நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் கடைகள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் செட்டியார்களின் கடன் முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், 1938க்குள் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்துசேர்ந்தது. பிறகு 1942இன் ஜப்பானியப் படையெடுப்பிலும், சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியதிலும் அது கையைவிட்டுப் போனது. அந்தச் சரிவுக்கு முன்பே பர்மாவை விட்டுப் போனாலும், அந்த நாட்டுப்புறத்தில் சீருடையோடு நின்ற அனுபவம் ஆர்வெலை விட்டு விலகவே இல்லை. ‘பர்மிய நாட்கள்’ 1934இல் வந்தது. பின்னாளில் ராணுவ ஆட்சியில் வாழ்ந்த பர்மியர்கள், ஆர்வெல் தங்கள் நாட்டைப் பற்றி எழுதியது ஒரு நாவல் இல்லை, மூன்று என்று சொல்லிக்கொண்டார்கள்: ‘விலங்குப் பண்ணை’யும் ‘1984’உம் மற்ற இரண்டு. நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் அது வாசிப்பின் உச்சம். தங்கள் வாழ்க்கையை அவர்கள் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஆனால் ‘1984’இன் கட்டமைப்பைப் பாருங்கள். ஒரே கட்சி, ஒரே மையம், சுவரில் ஒரே முகம். பெரியண்ணன் பார்க்கிறார், கீழே இருப்பவர்கள் பார்க்கப்படுகிறார்கள். ராமநாதபுரத்தில் அப்படி ஒரு மையமே இல்லை. சட்டம் போட்டது லண்டனும் அல்ல, சென்னைக் கோட்டையும் அல்ல. பிரிட்டிஷ் அரசின் சட்டப்படி இந்தப் பத்தொன்பதில் ஒன்றுகூடச் செல்லாது. ஆனாலும் அவை செல்லுபடியாயின. எப்படி? கிராப்பு வெட்டக் கூடாது என்றால் அது கத்தி பிடிப்பவருக்கும் போட்ட கட்டளை. மேளம் கூடாது என்றால் மேளக்காரர் வர மாட்டார். தண்ணீர் கிடையாது என்றால் கண்மாய் மடையைத் திறப்பவர் திறக்க மாட்டார். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு சிறு மறுப்பைச் செய்தால் போதும், பேரரசு தேவையில்லை. வீடு கொளுத்த வந்தவர்கள் முகமறியாத போலீசார் அல்லர்; பெயர் தெரிந்த பக்கத்து ஊர்க்காரர்கள்.

மேற்கத்திய டிஸ்டோபியா நாவல்களை அப்படியே கண்ணாடியாக வைத்துக்கொண்டால் இந்த அமைப்பு அதில் விழாது. அரசைப் பற்றிய பயம் நமக்குத் தெரியும். ஊரைப் பற்றிய பயம் அதைவிடப் பழையது. சாதியைச் சொல்லி இன்றைய எந்தச் சமூகத்தையும் குற்றக்கூண்டில் நிறுத்துவது நோக்கம் இல்லை. 1931இன் பட்டியலுக்கு இன்று பிறந்த பிள்ளை பொறுப்பாளி ஆகாது. ஆனால் அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று புரிந்துகொள்வது இன்று வாழும் எல்லோருடைய பொறுப்பும்தான்.

அதைத் தமிழில் மிகத் துல்லியமாகக் காட்டிய பக்கம் பாமாவின் ‘கருக்கு’வில் இருக்கிறது. 1992இல் வெளிவந்த தன்வரலாறு. பாமாவின் ஊரும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பள்ளிவிட்டு வரும் சிறுமி, பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை அதன் கட்டுக்கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைக் காண்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது, சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்ன பிறகுதான், பொட்டலத்தைக் கையால் தொட்டால் அதை வாங்கும் நாயக்கருக்குத் தீட்டு என்பது அவளுக்குத் தெரிகிறது. சிரிப்பு நின்றுபோகிறது. அங்கே விதி எதுவும் எழுதி ஒட்டப்படவில்லை, காவலாளி யாரும் இல்லை. விதி அந்தப் பெரியவரின் விரல்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘1984’இல் வரும் ஓசியானியா நாட்டின் சிந்தனைப் போலீசைப் பக்கம் பக்கமாக விளக்கிய ஆர்வெலுக்கும் இந்தப் பொட்டலம் கிடைத்திருந்தால் உதவியிருக்கும்.

பெருமாள்முருகனின் கதை இன்னும் அண்மைக் காலத்தது. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது; பிரதிகள் கொளுத்தப்பட்டன, கடையடைப்பு நடந்தது. எந்த அரசும் அந்த நாவலைத் தடைசெய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. எழுத்தாளர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். ஊர் கூடியது, அரசு நாற்காலி போட்டுக் கொடுத்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

திரும்பி வந்தவர் எழுதியது ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களை எழுத அச்சமாக இருக்கிறது, கடவுளரை எழுத அதைவிட அச்சம், ஆகவே ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்ற தொனியில் அதன் முன்னுரை அமைந்திருக்கிறது. வறண்ட மேட்டுக்காட்டில் ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கும் கறுப்புக் குட்டியின் வாழ்க்கைதான் நாவல். ஆனால் அந்த உலகில் ஒரு ‘ஆட்சி’ இருக்கிறது. பிறந்த குட்டியை எல்லாம் கொண்டுபோய்க் காட்டி, காது குத்தி, அடையாளம் போட்டு வர வேண்டும். அதற்கு நாள் முழுக்க நீளும் வரிசை. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், ஆட்சிக்கு எல்லாப் பக்கமும் காது உண்டு என்று ஒருவரை ஒருவர் அடக்குகிறார்கள். குட்டி எப்படி வந்தது என்று அதிகாரி துருவித் துருவிக் கேட்கிறார். சித்திரவதைக் கூடமில்லை, ரத்தமில்லை. நம்மை அதிர வைப்பது அந்த வரிசையின் பொறுமை. காலில் வலியோடு, வெயிலில், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதை அவர்கள் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடையிலும் தாலுகா அலுவலகத்திலும் நின்று பழகிய தமிழ் வாசகருக்கு அந்த இயல்புதான் பயத்தைத் தருகிறது. ஆட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுத வேண்டியிருந்த நிலைமையையும் நாவல் தன் வடிவத்திலேயே பதிவுசெய்துவிட்டது.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூல்களைக் கொளுத்தும் தீயணைப்பு வீரர்களின் கதை என்று எல்லோருக்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் நினைக்காமல் எந்த ஈழத்தமிழரும் அதை வாசிக்க முடியாது.

சரி, கண்ணாடி என்று சொல்கிறோம். கண்ணாடியில் யார் முகம் தெரிகிறது?

பெரும்பாலான டிஸ்டோபியா வாசிப்பு ஒடுக்குபவரின் முகத்தையே பார்க்கிறது. எவ்வளவு கொடூரம், எவ்வளவு தந்திரம், எப்படிப்பட்ட கண்காணிப்பு என்று வியந்து நடுங்குகிறது. 1930இன் பட்டியலையும் அப்படியே படித்து, அக்காலக் கொடுமை என்று மூடிவைக்கலாம். அதே பட்டியலைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் வேறு ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரியும். யாரும் செய்யாததை யாரும் தடுப்பதில்லை. குடை பிடிக்கக் கூடாது என்று ஆணை வருகிறதென்றால், அந்தத் தெருவில் ஒருவர் குடை பிடித்து நடந்திருக்கிறார். கிராப்பு வெட்டியிருக்கிறார், செருப்புப் போட்டிருக்கிறார். ஒரு பெண் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்திருக்கிறாள், ரவிக்கை தைத்துப் போட்டிருக்கிறாள். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறது. ஒரு குடும்பம் சொந்தமாக நிலம் வாங்கியிருக்கிறது. ஒரு மாப்பிள்ளை குதிரையில் வந்திருக்கிறார், மேளம் முழங்கியிருக்கிறது.

இந்தத் துணிச்சலுக்குப் பின்புலமும் இருந்தது. ராமநாதபுரம் சீமையிலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஏராளமானோர் கூலிவேலைக்குக் கப்பலேறினார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் பட்ட பாடு தனிக் கதை. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து நரகத்தை எழுதினார். ஆனால் அங்கே சட்டை போட்டதற்காக யாரும் வீட்டைக் கொளுத்தவில்லை. ஊர் திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் காசும் உடம்பில் சட்டையும் இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினம் அல்ல. முதல் பட்டியலில் உடையும் நகையும். ஆறு மாதத்தில் வந்த இரண்டாம் பட்டியலில் நிலமும் கூலியும் படிப்பும். முதல் எட்டுத் தடை வேலை செய்திருந்தால் அடுத்த பதினொன்றுக்குத் தேவை இருந்திருக்காது. பட்டியல் நீண்டதே மக்கள் பணியவில்லை என்பதற்குச் சான்று. 1934 ஜனவரியில் தீண்டாமை எதிர்ப்புப் பயணமாகத் தேவகோட்டைப் பக்கம் வந்த காந்தியும் நாட்டார்–ஹரிஜனப் பிணக்கைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதாவது, மூன்று ஆண்டுக்குப் பிறகும் விஷயம் முடிந்திருக்கவில்லை.

இப்போதும் முடிந்துவிடவில்லை. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில் தேர்வடத்தை யார் தொடலாம் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நடந்தது. பல ஆண்டுகள் நின்றுகிடந்த தேர் 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. 2018 மே 28 இரவு சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் பட்டியலினத்தவர் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோயிலில் ஆதிக்கச் சாதியினர் முன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது தகராறுக்குக் காரணமாகச் செய்திகளில் பதிவானது; 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டி வந்த கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. உன் சாதிக்கு இந்த வண்டியா என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். மாணவர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார் என்பதையும்.

நல்ல டிஸ்டோபியா நாவல் இந்த இரண்டாம் முகத்தை மறப்பதில்லை. வின்ஸ்டன் ஸ்மித் தோற்றுப்போவதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்; அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் வரியை எழுதியதிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. கிலியட்டின் கதையைச் சொல்லும் பெண், எழுத விடாதபோது தன் குரலை ஒலிநாடாவில் விட்டுச்சென்றாள்.

அட்வுட்டின் நாவல் அவள் கதையோடு முடிவதில்லை. கடைசியில் 2195ஆம் ஆண்டில் நடக்கும் ஓர் ஆய்வரங்கம் வருகிறது. கிலியட் எப்போதோ அழிந்துவிட்டது. பேராசிரியர் ஒருவர் மேடையேறி அந்த ஒலிநாடாக்களைப் பற்றி உரையாற்றுகிறார். நடுநடுவே கேலி பேசுகிறார், அவையும் சிரிக்கிறது. கிலியட்டைத் தீர்ப்பிடாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். அவருக்கு அதிக ஆவல், அவள் எந்தத் தளபதியின் வீட்டில் இருந்தாள் என்று கண்டுபிடிப்பதில். ஆண்டவரின் பெயர் ஆவணத்தில் கிடைத்துவிடும். ஆளப்பட்டவளின் பெயர் கடைசிவரை கிடைப்பதில்லை. அறக்கட்டளை மேடைகளில் ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் அந்தப் பக்கங்களை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ராமநாதபுரத்திலும் இதே நிலைதான். தடைகள் பத்தொன்பதும் ஹட்டனின் நூலில் பத்திரமாக இருக்கின்றன. குடை பிடித்தவரின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளிலேயே படிக்கிறார்கள். தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சட்டை, அப்பத்தாவின் பித்தளைக் குடம், விற்க மறுத்த ஒரு குறுக்கம் நிலம் என்று வீட்டுப் பேச்சில் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். கேட்டறிந்த தலைமுறைக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் சேர்ந்து, ஊர் ஊராக, கைபேசியிலேயே இந்த நினைவுகளைப் பதிவுசெய்யத் தொடங்கிவிட முடியும். தேவகோட்டை, கண்டதேவி, உஞ்சனை, மானாமதுரை வட்டாரங்களில் முதல் ஆண்டு வேலையை வைத்துக்கொள்ளலாம். பதிவானவை முதலில் அந்தக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். அவர்கள் சம்மதித்தால் பெயர்களோடு அச்சிடலாம். அங்கிருந்து ஒரு நாவலோ சிறுகதையோ எழ வேண்டுமென்றால், அதை எழுதும் உரிமையும் முதலில் அந்த வீட்டுப் பிள்ளைகளுடையது.